ஒன்பது எண்ணும் நேரம்

என் கல்யாணத்தில் எங்கள் தோட்டத்துக் கிராணி ஒரே ஒரு படம் எடுத்தார். அதில் நான் இல்லை. மாப்பிள்ளையும் இல்லை. என் தோளில் சேலை மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்த ஓர் அட்சதை அரிசி இருந்தது.

அந்த அரிசிக்காக என்னை மூச்சு விட வேண்டாம் என்று வேறு சொன்னார். தாலி ஏறிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கோயில் பக்கம் வெயில் படாத இடமாகப் பார்த்து என்னை உட்கார வைத்து, படப்பெட்டிக்கு மூன்று காலை நட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "அசையாதம்மா, அசையாத. ஆடுது" என்றார். ஆடுவது என் தலைதான் என்று நினைத்து நான் முகத்தை எவ்வளவு லட்சணமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு லட்சணமாக வைத்துக்கொண்டேன். நாலு எண்ணினார். மூடியைப் போட்டார். "விழுந்துருச்சு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மடக்கிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து அவர் கொண்டுவந்து கொடுத்த படத்தை என் மாமியார் நேராகவும் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். "இது என்னங்கய்யா, தோணியா?"

"அரிசிம்மா. ஒங்க மருமக தோள்ல இருந்துச்சு. ஓரத்துல பாருங்க, மஞ்சப்பொடி ஒவ்வொண்ணா தனித்தனியா தெரியுது."

அவர் படியிறங்கிப் போகிற வரைக்கும் மாமியார் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. கிராணி ஆயிற்றே. ஆபீசில் பேனா பிடிப்பவர், துரைக்கு அடுத்தபடி எங்கள் பிழைப்பு அவர் கையில். அவர் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டிய காலம் அது. அவர் தலை மறைந்ததும்தான் மாமியார் ஆரம்பித்தார். "ரெண்டு ஆளு மாலையும் கழுத்துமா குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருந்தாங்க. இந்த மனுசன் கண்ணுக்கு அரிசிதான் தெரிஞ்சிச்சா?"

அவர் பேர் எனக்குத் தெரியாது. மறைப்பதாக நினைக்க வேண்டாம். எங்களில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கேட்டதுமில்லை. நேரில் கிராணி ஐயா. முதுகுக்குப் பின்னால் பூச்சிக் கிராணி. எறும்பு, மரவட்டை, நத்தை, செத்துப்போன தும்பி என்று எதைப் பார்த்தாலும் குனிந்துவிடுவார். எங்கள் ரப்பர்த் தோட்டம் கோலா சாவாவுக்கு உள்ளே, காட்டோரமாக இருந்தது. அவர் குனிவதற்கு அங்கே விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

தடித்த கண்ணாடி போட்டிருப்பார். ஆனால் எதையாவது உற்றுப் பார்க்க வேண்டுமென்றால் அதைக் கழற்றி நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு, மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போவார். "தூரத்துக்குத்தாம்மா எனக்குக் கண்ணாடி. கிட்டத்துக்கு வேணாம்" என்பார். ஸ்டோரில் நாங்கள் மரத்தில் வெட்டிய ரப்பர்ப் பால் வாளியைக் கொண்டுபோய் வைத்தால், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்க விடுவார்கள். மற்றக் கிராணிமார் நின்ற இடத்திலிருந்தே ஒரு நம்பரைச் சொல்லிவிடுவார்கள். இவர் கண்ணாடியைக் கழற்றி, முழங்காலை மடக்கி, குழாய் ஆடி அடங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பார். பின்னால் ஐம்பது பேர் வாளியோடு வெயிலில் நிற்போம். அவர் சொல்கிற நம்பரில் ஒரு நாளும் தப்பு இருந்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் திட்டுவோம்.

ஒருமுறை நான் வெட்டும் மரத்தில், பால் வடியும் தகரப் பீலி நுனியில் தொங்கிய சொட்டைப் படம் எடுக்க வந்தார். அவருடைய பெட்டிக்கு முன்னால் ஆர்மோனியத் துருத்தி போல ஒன்று இருக்கும். அதை இழுக்க இழுக்க நீளும். இழுத்த பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்துத் துருத்தியின் நீளத்துக்கு வைத்துப் பார்த்தார். கயிற்றில் முடிச்சு முடிச்சாக இருந்தது. அப்புறம் தோல் உறைக்குள் இருந்த, வெளிச்சம் அளக்கும் சின்னப் பெட்டியைத் திறந்து அதன் ஊசியைப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ கணக்குப் பெருக்கினார். அதற்குள் சொட்டு விழுந்துவிட்டது. அடுத்த சொட்டுக்கும் அப்படியே. மூன்றாவதும் விழுந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, சிரம்பான் டவுன்ல போட்டோ கடைக்காரன் டப்புன்னு எடுத்துர்றான். நீங்க ஏன் இவ்ளோ நேரம் ஆக்கறீங்க?"

கிராணியிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கயிற்றை என் முன்னால் நீட்டிக் காட்டினார்.

"அவன் மூஞ்சிய எடுக்கறான். எட்டி நிக்கறான். நான் கிட்ட வரேன். கிட்ட வரணும்னா துருத்திய நீட்டணும். நீட்டினா உள்ள போற வெளிச்சம் பரந்து கொறஞ்சு போயிரும். இங்க பாரு, துருத்தி ரெண்டு மடங்கு நீண்டா இந்த எடத்துல நாலு முடிச்சு. நேரமும் நாலு மடங்கு குடுக்கணும். கிட்டப் போகப் போக இருட்டும்மா. அதனால கிட்டப் போறவன் கூட நேரம் குடுத்துத்தான் ஆவணும்."

"இந்த ஊசி சொல்லாதா?"

"அதுக்கு நான் எவ்ளோ கிட்ட வந்திருக்கேன்னு தெரியாது. வெள்ளை எது, வெளிச்சம் எதுன்னும் தெரியாது. வெள்ளையா ஒரு பொருள காட்டினா, அடேயப்பா எவ்ளோ வெளிச்சம்னு ஏமாந்து, கொஞ்சம் போதும்னு சொல்லும். அத நம்பி எடுத்தா வெள்ளை சாம்பலாப் போயிரும். வெள்ளைக்கு இன்னொரு பங்கு கூட."

எனக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதியை மரத்தை வெட்டிக்கொண்டே யோசித்தேன். அன்றைக்குச் சொட்டு அவருக்குக் கடைசி வரை விழவில்லை, அதாவது படத்தில் விழவில்லை. தரையில் நிறைய விழுந்தது.

காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுக்காரர்களை அடக்க அவசரகாலம் வந்து, எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்ட பிறகு அவர் குனிவது குறைந்துவிடும் என்று நினைத்தோம். காலையில் கேட்டைத் திறப்பார்கள். ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவான். காட்டில் இருப்பவர்களுக்கு நாங்கள் சோறு கொண்டுபோகிறோமாம். ஒரு பிடி அரிசி மடியில் இருந்தாலும் லாரியில் ஏற்றிவிடுவார்கள். நாங்கள் வெறும் வயிற்றோடு பால்மரம் வெட்டப் போனோம். கிராணி மட்டும் கேட்டருகே முள்கம்பியின் முள்ளில் கட்டியிருந்த சிலந்திக்கூட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் சிரித்தார். "நம்மள உள்ள வச்சு அடைச்சிருக்கான். இவரு முள்ளுக்கு மூஞ்சி பாக்கறாரு."

அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவர் ரொம்ப நாள் சிரிக்கவில்லை.

அவர் பால் வெட்டும் ரப்பர்க் காடு தோட்டத்தின் கடைசி, அதைத் தாண்டினால் பெருங்காடு. ஒரு திங்கட்கிழமை அங்கே முப்பது மரத்துக்கு மேல் அடிப்பட்டை கிழிந்து பால் ஒழுகிக் கிடந்தது. கம்யூனிஸ்டுக்காரர்கள் தோட்டம் தோட்டமாக மரங்களைக் கொத்திப் போட்ட காலம். இரண்டு நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் அன்றுதான் வேலைக்குப் போனார். போனவர் அதைச் சொல்லுமுன் எங்களை வேலை வாங்கும் மண்டோர் பார்த்துவிட்டார். ஜீப் வந்தது. காட்டில் இருப்பவர்களுக்கு வேண்டியவன், அவனே கத்தியால் கொத்தியிருக்கிறான் என்று எழுதிக்கொண்டு, அவரையும் அவருடைய பால்கத்தியையும் சிரம்பானுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு அப்போது ஐந்து மாசம்.

முள்ளம்பன்றியாக இருக்கும் என்று லயத்தில் கிசுகிசுத்தார்கள். பட்டையைக் கடிக்கிற பிராணி அது. ஆனால் யார் போய்ச் சொல்வது? சொன்னவனையும் ஜீப்பில் ஏற்றினால்? அடுத்த திங்களன்று பிடிபட்டவர்களின் பட்டியல் மேலே போகிறது, அதில் பேர் ஏறினால் முதலில் முகாம், பிறகு கப்பல், இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தோட்டத்து லாரி டிரைவர் சொன்னார். என் வீட்டுக்காரர் பிறந்தது இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில். எந்த ஊருக்குத் திருப்புவார்கள்?

வியாழக்கிழமை அதே காட்டில் பால் வெட்ட என்னை அனுப்பினார் மண்டோர். கல்நெஞ்சக்காரர் என்று அன்றைக்குத் திட்டினேன், இன்றைக்கும் அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. அழுதுகொண்டே போனேன். சேதமான மரங்களை எண்ணி எழுதக் கிராணியும் வந்திருந்தார், தோளில் பெட்டியோடு. கூட ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் துப்பாக்கியோடு நின்றான், மலாய்க்காரப் பையன்.

பால்மரம் வெட்டுகிறவள் மரத்தண்டை நின்றால் கை சும்மா இருக்காது. வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை, ஒட்டுப்பால் என்போம், முதலில் உரித்துக் கூடையில் போட்டுவிட்டுத்தான் கத்தி வைக்க வேண்டும். ஐந்து வருஷப் பழக்கம். கண் பாட்டுக்கு அழுதது, கை பாட்டுக்குக் கீழே குனிந்து, சேதமான பட்டையில் வழிந்து காய்ந்திருந்த பாலை நுனியில் கிள்ளி இழுத்துவிட்டது. சரசரவென்று ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து வந்தது.

"ஏய், தொடாத!"

கிராணி அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அந்தப் பாலோடு, அந்தப் பட்டையோடு, இருந்தது இருந்தபடி அவர் படம் எடுக்க நினைத்திருக்கிறார். நான் பாதியைப் பிய்த்துவிட்டேன். பயத்தில் மிச்சத்தையும் இழுத்துச் சுருட்டிக் கூடைக்குள் போடப் போனேன். ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அப்படியே நின்றார். கண்ணாடியைக் கழற்றி நெற்றிக்கு ஏற்றினார். மரத்தோடு ஒட்டியிருந்த பக்கத்தை மூக்குக்கு நேரே கொண்டுபோனார்.

வெளிப்பக்கம் கருத்திருந்தாலும் உட்பக்கம் கொழுக்கட்டை மாவு மாதிரி வெளுப்பாக இருந்தது. அதில் வரி வரியாக மேடு எழும்பியிருந்தது. பட்டையில் பள்ளம் இருந்த இடமெல்லாம் பால் ஊறி, காய்ந்து, அச்சு எடுத்தது போல மேடாகிவிட்டிருந்தது. இரண்டிரண்டாக, பக்கத்தில் பக்கத்தில், நடுவில் மயிரிழை இடைவெளி. எங்கே பார்த்தாலும் ஜோடி ஜோடியாக.

"கத்தி எத்தனை கோடு போடும்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணுதாங்கய்யா."

"இது ரெண்டு ரெண்டா போட்டிருக்கு. பல்லு."

"இதையே கொண்டுபோய்க் காட்டலாங்களா?"

"ஒட்டுப்பாலக் கொண்டுபோய் மேசை மேல வச்சா, எந்த மரத்துல எடுத்தேன்னு கேப்பான். அதோட இது இன்னும் ரெண்டு மூணு நாள்ல சுருங்கிக் கருத்துரும். மரத்தோட வச்சே எடுக்கணும். பட்டையும் தெரியணும், இதுவும் தெரியணும்." பெட்டியைத் திறந்து பார்த்தார். "படம் விழற பிலேட்டு ரெண்டுதான் இருக்கு."

உரித்ததைப் பாதி மரத்தில் பொருத்தி, பாதியைப் புரட்டி நான் பிடித்துக்கொண்டேன். வெயில் மரத்துக்குப் பக்கவாட்டில் வருகிற வரைக்கும் காத்திருந்தார். நேர் வெளிச்சத்தில் மேடு தெரியாதாம், சாய்ந்த வெளிச்சத்தில்தான் நிழல் விழுமாம். கான்ஸ்டபிள் பையன், "செப்பாட் லா, செப்பாட்!" என்று, சீக்கிரம் சீக்கிரமென்று மலாயில் பறந்தான். அவனுக்கும் உயிர் பயம், காட்டோரமாயிற்றே. கிராணி கயிற்றை வைத்தார், ஊசியைப் பார்த்தார். ஊசி சொல்வது ஒன்று, துருத்திக்கு நாலு மடங்கு, வெள்ளைக்கு இன்னும் இரட்டிப்பு. எட்டு. மூடியைத் திறந்து எண்ண ஆரம்பித்தார். மூன்று என்னும்போது பின்னால் கடக்கென்று சத்தம். பையன் துப்பாக்கியின் போல்ட்டை இழுத்திருக்கிறான், குரங்கு ஏதோ கிளையை ஆட்டியதற்கு. கிராணி எட்டு வரைக்கும் எண்ணித்தான் மூடினார். ஆனால் எப்படி எண்ணினார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவரே எங்கள் லயத்துக்கு வந்தார். கிராணி ஒருவர் பால்மரக்காரி வீட்டு வாசலில் வந்து நிற்பது என்றால் தெருவே வெளியில் வந்துவிடும். வந்தது. அத்தனை பேர் முன்னாலும் ஒரு கண்ணாடி பிலேட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். அதில் ஒன்றும் இல்லை, வெளிறிய கறை மட்டும்.

"என் தப்பும்மா" என்றார். "துப்பாக்கி சத்தம் கேட்டதும் பயந்துட்டேன். எட்டும் எண்ணினேன், ஆனா ஓட்டமா எண்ணிட்டேன். பாதி நேரம்கூட ஆயிருக்காது. ஒன் புருசனுக்குக் குடுக்க வேண்டிய நேரத்த நான் பயத்துல தின்னுட்டேன்."

எங்களிடம் தப்பு என்று சொன்ன கிராணியை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. யாருக்கும் தெரியாமல் அந்த பிலேட்டை உடைத்துப் போட்டுவிட்டு, முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அந்த வாசலில்தான் எனக்கு அந்த மனிதர் மேல் பாசம் வந்தது. அதுவரைக்கும் சிரிப்புத்தான்.

"நாளைக்கு நீ எண்ணு" என்றார். "ஒனக்கும் பயமாத்தான் இருக்கும். ஆனா நீ அவசரப்பட மாட்டே."

வெள்ளிக்கிழமை அதே மரம், அதே நேரம். இரவெல்லாம் ஈரம் படாமல் சாக்கு கட்டி வைத்திருந்தேன். இந்தத் தடவை கிராணி என் பால்கத்தியையும் கேட்டு வாங்கினார். கிட்டத்தில் எடுத்தால் எது எவ்வளவு பெரியது என்று பார்ப்பவனுக்குத் தெரியாது, அரிசி தோணியாகிவிடும், பக்கத்தில் கத்தியை வைத்தால் பல் அளவும் தெரியும், கத்தி வாய் இதில் பொருந்தாது என்பதும் தெரியும் என்றார். கத்தி பளபளத்துக் கண்ணைக் கெடுக்குமென்று மெழுகுவர்த்திப் புகையில் காட்டி அதைக் கருப்பாக்கினார். கான்ஸ்டபிள் பையனிடம் ஏதோ மலாயில் சொன்னார். அவன் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, எனக்குப் பதில் ஒட்டுப்பாலைப் பிடித்துக்கொள்ள வந்தான். எண்ணுகிறவள் பிடித்தால் ஆடிவிடுமாம்.

"எட்டு" என்றார் கிராணி, மூடியில் கை வைத்தபடி. "ஆரம்பி."

எனக்கு எண்ணத் தெரிந்தது ஒரே விதம். அரிசி அளக்கும்போது என் அம்மா எண்ணுவது. அளக்கிற வீட்டில் முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டோம். மங்கலமாக லாபம் என்போம். அது வழக்கம், யோசித்துச் சொல்வதில்லை. "லாபம்" என்றேன். கிராணி மூடியைத் திறக்காமல் என் ஒன்றுக்காகக் காத்திருந்தார். "ரெண்டு" என்றேன். அப்போதுதான் அவர் திடுக்கிட்டுத் திறந்தார்.

அவர் ஒரு படி பிந்தியதைப் பார்த்துவிட்டேன். ஆனால் நிறுத்தவில்லை. படி படியாக, தலை தட்டி, சிந்தாமல் அளப்பது போல ஒவ்வொன்றாகச் சொன்னேன். மூணு. நாலு. வயிற்றுக்குள் பிள்ளை ஒருமுறை உதைத்தது. அஞ்சு. ஆறு. அந்தப் பையனின் நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது, அவன் கையை எடுக்கவில்லை. ஏழு. எட்டு. கிராணி என்னைப் பார்த்தார். முதல் படி வெளியே போய்விட்டதே.

"ஒம்பது" என்றேன்.

மூடியைப் போட்டுவிட்டுச் சிரித்தார். அவர் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிலேட்டில் எல்லாம் விழுந்திருந்தது. பட்டையின் சொரசொரப்பு, ஒட்டுப்பாலின் வெளுப்பு, கருப்பான கத்தி, அதன் பக்கத்தில் ஜோடி ஜோடியாகப் பல் தடம். காகிதத்தில் இறக்கி, துரையிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை காலை பஸ்ஸில் சிரம்பானுக்குப் போனார். பெட்டியும் கூடப் போனது. எப்படி எடுத்தாய் என்று கேட்பார்களாம், காட்ட வேண்டுமாம். என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று பகல் முழுக்க நான் வாசலில் உட்கார்ந்து எத்தனை லாபம் எண்ணினேன் என்று எனக்கே தெரியாது.

சாயங்காலம் கேட் மூடுவதற்குக் கொஞ்சம் முன்பு இரண்டு பேர் நடந்து வந்தார்கள். ஒருவர் கிராணி. இன்னொருவரைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

நடந்ததை என் வீட்டுக்காரர் லயத்துக்கே சொன்னார். வெள்ளைக்கார அதிகாரி படத்தைப் பார்த்து மலையா, ஆறா என்று கேட்டானாம். பக்கத்தில் நின்ற வயசான மலாய்ப் போலீஸ் சார்ஜன் எட்டிப் பார்த்த உடனே, "லண்டாக்! இது லண்டாக் பல்லு துவான், எங்க டுரியான் மரத்த இப்படித்தான் கடிச்சுது" என்று குதித்துவிட்டானாம். லண்டாக் என்றால் மலாயில் முள்ளம்பன்றி, துவான் என்றால் ஐயா. அந்தக் கதையை ஒரு மாசம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கிராணி மட்டும் சிரிக்கிற கூட்டத்தில் நிற்காமல் போய்விடுவார்.

அதற்குப் பிறகு அவர் படம் எடுக்கவில்லை. குனிந்து பார்ப்பார், கண்ணாடியைக் கழற்றுவார், அவ்வளவுதான். கேட்டால், "பொட்டி ரிப்பேரும்மா" என்பார். மாசக்கணக்காக என்ன ரிப்பேர் என்று நான் கேலி செய்தேன்.

பிள்ளை பிறந்தது, ஆண். பதினாறாம் நாள் கிராணியை வீட்டுக்கு அழைத்தேன். எனக்குத்தான் அரிசி, என் பிள்ளைக்கு முகத்தையே எடுப்பார் என்று ஆசை. மாமியார் பிள்ளைக்கு மையிட்டு, எண்ணெய் வைத்து, பட்டுத் துணியில் கிடத்தியிருந்தார். கிராணி வெறுங்கையோடு வந்தார்.

"பொட்டி எங்கய்யா?"

"இன்னும் ரிப்பேர்."

பிள்ளை அருகே உட்கார்ந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மூடியிருந்த சின்னக் கையிடம், மூச்சுப் படுகிற அளவுக்குக் கிட்டே போனார். சட்டைப் பையிலிருந்து அந்த முடிச்சுக் கயிற்றை எடுத்துத் தன் கண்ணுக்கும் அந்தக் கைக்கும் நடுவில் பிடித்து அளந்தார். "எண்ணும்மா" என்றார்.

எனக்கு எரிச்சல். வந்தவரை மரியாதைக் குறைவாகப் பேச முடியாதே என்று கடனே என எண்ணினேன். லாபம், ரெண்டு, மூணு... ஒன்பது வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "விழுந்துருச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவர் போனதும் கொட்டித் தீர்த்துவிட்டேன். "கஞ்சக் கிராணி. எம்புள்ளைக்கு ஒரு பிலேட்டு செலவு பண்ண மனசு வரல. வந்து கூத்து காட்டிட்டுப் போறாரு."

மூலையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "வாய மூடு புள்ள" என்றார். அவர் என்னை அப்படிச் சொன்னதில்லை. "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. ஆனா நீ பேசறதக் கேட்டுக்கிட்டு இருக்க முடியல. பொட்டி ரிப்பேர் இல்ல. சிரம்பான்ல இருக்கு."

"அங்க ஏன்?"

"சார்ஜன் லண்டாக்குன்னு சொன்னதும் அந்த அதிகாரி படத்த வச்சுட்டுப் பொட்டியப் பாத்தான். இவ்ளோ கிட்டத்துல இவ்ளோ சுத்தமா எடுக்கற பொட்டி தோட்டத்துல எதுக்கு, ஐ.சி. அடையாள கார்ட எடுத்து கள்ள கார்டு பண்ணலாமேன்னான். ஆளு போகலாம், பொட்டி இங்க இருக்கட்டும், இந்த அவசரகாலம் முடியட்டும்னான். கிராணி துருத்திய மடக்கி, பொட்டிக் கண்ணாடியத் தொடச்சு, வார் போட்டுக் கட்டி அவன் மேசையில வச்சாரு. ஈரம் படாம வைங்கன்னு மட்டும் சொன்னாரு. பஸ்ஸுக்கு நிக்கறப்ப பையில கைய விட்டு அந்தக் கயித்தத் தடவிக்கிட்டே இருந்தாரு."

அவசரகாலம் முடிய அப்போது இன்னும் எத்தனையோ வருஷம் இருந்தது. அவர் போர்டிக்சன் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போகிற வரைக்கும் அந்தப் பெட்டி திரும்பி வரவில்லை. பிறகு வந்ததா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். எங்களைப் போன்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். நான் கதவைத் தாண்டி உள்ளே போனேன். வேலைக்கு வந்த ஆள் பேர் பதியும் பெரட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வாசலில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்து முறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

விரித்திருந்த அந்தப் பெரிய புத்தகத்தின் மேலேயே பிள்ளையைக் கிடத்தினேன்.

"பாருங்கய்யா" என்றேன். "கிட்டயே பாருங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். குனிந்தார். என் மகன் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

அன்றைக்கு நான் எண்ணவில்லை.